பெற்றோல் அளவுகாட்டியின் பிழைகள்
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



வரலாறும் இலக்கியமும் பேசிய மேடையிலே பழைய மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபொழுது நாங்கள் சற்றே கூசினோம். ஆயினும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் வைத்திருப்போர் இச்சபையிலே சிலர் உளர் என்பது தெரியுமாதலால் துணிந்து வந்தோம்.

எங்கள் வீட்டு வண்டி 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000. 1990களிலே பெற்றோல் வராத காலத்தில், காபரேற்றரிலே சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்தபின் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. அத்தனையும் கண்ட வண்டி எங்களை நடுவழியில் விட்டது 2022ஆம் ஆண்டிலே.

பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற ஆடி மாதம் அது. அளவுகாட்டியின் முள் பாதியிலே நின்றது. தாங்கி கொள்வது ஆறரைக் கலன், ஏறத்தாழ 29 லீற்றர். பாதியென்றால் 14 லீற்றர் கிடக்கிறதே என்று நாங்கள் வரிசைக்குப் போகவில்லை. ஒருநாள் நடுச்சாமத்தில் அயல்வீட்டு மாமிக்கு நெஞ்சு நோ. அச்சுவேலியிலிருந்து மந்திகை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வல்லை வெளியின் நடுவிலே வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. வீடு இல்லை, விளக்கு இல்லை, காற்று மட்டுமே. சுவிச்சைப் போட்டால் பெற்றோல் பம்பு ஓயாமல் 'டிக் டிக்' என்று அடித்தது. தாங்கி வறண்டால்தான் அந்தப் பம்பு அப்படி அடிக்கும். முள்ளோ அப்பொழுதும் பாதியையே காட்டியது!

மோட்டார்சைக்கிளில் வந்த ஒரு பொடியன் தன் தாங்கியிலிருந்து ஒரு சோடாப் போத்தல் நிறைய இறக்கித் தந்தான். அந்நாளில் அந்தப் போத்தலின் பெறுமதி உங்களுக்குத் தெரியும். காசை நீட்டினோம், வாங்கவில்லை. மாமி பிழைத்துக்கொண்டார். இன்று மூன்றாம் வரிசையில் இருந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

இனி விடயத்துக்கு வருவோம். தாங்கியினுள்ளே ஒரு மிதவை. அது ஏறி இறங்கும்போது ஒரு கை தடைக்கம்பிச் சுருளின்மேல் நகர்கிறது. அங்கிருந்து ஒற்றை வயர் முன்னே அளவுகாட்டிக்கு வருகிறது. மின்சாரம் திரும்பிச் செல்வதற்கு வேறு வயர் இல்லை. தாங்கியின் தகரமும் வண்டியின் உடலுமே வழி. இதனையே 'ஏர்த்' என்கிறோம். எங்கள் வண்டியிலுள்ள பழைய வகையிலே தாங்கி காலியானால் தடை மிகச் சிறிது. நிறைந்தால் 70 ஓம் அளவுக்கு ஏறும். ஆகவே வழியிலே துருவோ மையோ புகுந்து தடை கூடினால் அளவுகாட்டி அதனைப் பெற்றோல் என்று எண்ணிவிடும். வயர் முற்றாக அறுந்தால் 'நிறைவு' என்றே காட்டும்.

1960களின் நடுப்பகுதியிலிருந்து வந்த பல வண்டிகளில் முறை நேர்மாறு. அவற்றில் வெப்பத்தால் வளையும் உலோகத் தகடு முள்ளை மெதுவாக அசைக்கும். வயர் அறுந்தால் 'காலி' காட்டும். அவற்றுக்கு மின்னழுத்தத்தைச் சராசரி 10 வோல்ற்றில் வைக்கும் சிறு பெட்டியும் உண்டு. பெற்றோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தாற்போல் உயர்ந்து நின்றால் முதலில் அந்தப் பெட்டியின் ஏர்த்தைப் பாருங்கள். இவ்விரு வகையையும் குழப்பிப் புது அளவுகாட்டி வாங்கிக் காசைக் கரைத்தவர் பலர். நாங்களும் ஒன்று வாங்கினோம் என்பதை மறைப்பானேன்?

நாங்கள் செய்த சோதனை இதுதான். முதலில் பியூஸ். அது போயிருந்தால் கண்ணாடித் துடைப்பானும் வேலை செய்யாது. துடைப்பான் ஓடியது. பின் டிக்கிப் பலகையைத் தூக்கி, தாங்கியின்மேலுள்ள வயரைக் கழற்றினோம். கழற்றுவதும் பூட்டுவதும் சுவிச்சு அணைந்திருக்கும்போதே. பெற்றோல் ஆவி இருக்குமிடத்தில் ஒரு சிறு பொறி போதும். பீடி சுருட்டுக்காரரைப் படலைக்கு வெளியே நிறுத்துங்கள். வயரின் நுனி எதிலும் படாதிருக்கச் சுவிச்சைப் போட்டோம்: முள் நிறைவுக்குப் போயிற்று. அணைத்துவிட்டு, நுனியை வண்டியின் உடலிலே சுரண்டி மினுக்கிய இடத்தில் இறுக்கி, மீண்டும் போட்டோம்: முள் காலிக்கு விழுந்தது. ஆகவே அளவுகாட்டியும் வயரும் குற்றமற்றவை. புதிதாக வாங்கியது வீண்.

அடுத்துத் தாங்கிக்கும் வண்டி உடலுக்கும் இடையே ஒரு துண்டு வயரைப் பிடித்தோம். பாதியில் நின்ற முள் சட்டென்று இறங்கிற்று. கள்ளன் அகப்பட்டான். முந்திய ஆண்டு ஒரு கராச்சிலே தாங்கியின் ஒழுக்கை அடைத்து, அழகாகக் கறுப்பு மை அடித்து, ஆணிகளுக்கும் பசை பூசிப் பூட்டியிருந்தனர். வேலை சுத்தம், மின்சாரத்துக்குத்தான் வழியில்லை. ஆணி இருக்கும் இடங்களைச் சுரண்டி, தனியாக ஓர் ஏர்த் வயரும் போட்டோம்.

முடிந்தது என்று எண்ணிப் பெற்றோல் கிடைத்த நாளில் 20 லீற்றர் அடித்தோம். முள் காலியை விட்டு அசையவேயில்லை!

இவ்விடத்தில்தான் நாங்கள் பாடம் படித்தோம். அளவுகாட்டிக்குப் பின்னால் இரண்டு பிழைகள் இருந்தன. பற்றறியைக் கழற்றி வைத்து, தாங்கியின் மேலுள்ள கருவியை வெளியே எடுத்தோம். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே 'களக் களக்' என்றது. ஒட்டுவாயில் மயிரிழை வெடிப்பு; பெற்றோல் புகுந்து மிதவை அடியில் கிடந்திருக்கிறது. மிதவை கீழே இழுக்க, கெட்ட ஏர்த் மேலே தள்ள, முள் மாதக்கணக்காகப் பாதிக்கு அருகிலேயே நின்றிருக்கிறது. அந்நாளில் ஐந்து லீற்றர், மூன்று லீற்றர் என்று அடித்ததால் எங்களுக்கு ஐயம் எழவில்லை.

வெடிப்பு எங்கே என்று அறியச் சுடுநீரில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடமே அது. ஆனால் பெற்றோல் நிறைந்த மிதவைக்கு ஈயம் பற்றவைக்க முற்படாதீர்கள், அது வெடிக்கும். எங்களுக்குப் புது மிதவை கிடைத்ததால் அந்தத் துணிவுக்கு வேலையிருக்கவில்லை.

இறுதியாகத் தாங்கியை முற்றாக வடித்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஐந்து ஐந்து லீற்றராக அளந்து ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் முள் நின்ற இடத்தைக் காகிதத்தில் குறித்தோம். முதல் ஐந்து லீற்றருக்கு முள் சிறிதே எழும்புகிறது. நடுவில் விரைந்து ஏறுகிறது. மிதவைக் கையைச் சற்று வளைத்து இதைத் திருத்தலாம் என்பர். நாங்கள் வளைக்கவில்லை. காகிதம் போதும்.

அந்தக் காகிதம் வண்டியின் முன்தட்டிலே ஒட்டியிருக்கிறது. வண்டி வெளியே வேம்பின்கீழ் நிற்கிறது. தேநீர் அருந்தியபின் பார்க்க விரும்புவோர் வரலாம். டிக்கியைத் திறந்தே வைத்திருக்கிறோம்.