கல்லடைப்பு: விடியும்வரை பொறுக்கலாமா?



நம் நாட்டுத் தமிழ் மக்கள் கல்லடைப்பு என்று வழங்கும் நோயைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். கல் எவ்வாறு உண்டாகிறது, எவ்வுணவால் வளர்கிறது என்பனவற்றை விரித்துரைப்பது இப்பேச்சின் நோக்கமன்று. நள்ளிரவில் வீட்டில் ஒருவர் விலாவைப் பிடித்துக்கொண்டு துடிக்கும்போது, சுற்றி நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. இப்பொழுதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதா, விடியட்டும் என்று பொறுப்பதா என்பதே அது. அக்கேள்விக்கு விடை காண உதவுவதே என் எண்ணம்.

முதலில் உள்ளே நிகழ்வது யாதென அறிந்துகொள்வோம். சிறுநீரகம் ஒவ்வொன்றிலிருந்தும் சிறுநீர்ப்பைக்கு ஒரு மெல்லிய குழாய் இறங்குகிறது. சிறுநீர்க்கான் என்பது அதன் பெயர். அதன் நீளம் ஏறக்குறைய 25 முதல் 30 சென்ரிமீற்றர். உள்வழியின் அகலமோ 3 அல்லது 4 மில்லிமீற்றரே. சிறுநீரகத்தினுள் ஆண்டுக்கணக்காக அசையாது கிடக்கும் கல் நமக்குத் துன்பம் தராதிருக்கலாம். அது இடம் பெயர்ந்து இக்குழாயில் இறங்கித் தடைப்படும்போதே நோவு பிறக்கிறது. சிறுநீர் பின்னே தேங்குகிறது. கல்லை வெளியேற்றக் குழாய் இறுகி இறுகி முயல்கிறது. ஆகவேதான் நோவு விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் பாய்கிறது. அலைபோல எழுந்து எழுந்து தணிகிறது. நோயாளியால் படுக்கவும் இயலாது, இருக்கவும் இயலாது. குமட்டலும் வாந்தியும் உண்டாகும். சலம் சிவந்தும் போகலாம்.

இவ்வளவு கொடிய நோவாயினும் பெரும்பாலோரின் உயிருக்கு அதனால் ஆபத்தில்லை. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடுகின்றன. 10 மில்லிமீற்றரைக் கடந்தவையே தாமாகப் போவது அரிது. ஆனால் இவ்வுண்மையே ஒரு பெருந்தவறுக்கும் இடமளிக்கிறது. நோவு மிகுந்தால் ஆபத்து மிகுதி, நோவு குறைந்தால் ஆபத்தும் குறைவு என்று நாம் கணக்கிடுகின்றோம். கல்லடைப்பில் இக்கணக்குச் செல்லாது. நோவு சிறிதாயிருக்கும்போதே உயிர் ஊசலாடக்கூடும். நோவைக் காட்டிலும் நாம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு உள்ளன.

அவற்றுள் தலையாயது காய்ச்சல். வெப்பமானி 38 பாகை செல்சியசையோ அதற்கு மேலோ காட்டினாலும், வெப்பமானி இல்லாத வீட்டில் நோயாளி பற்கள் கிட்டும்படி நடுங்கினாலும், அதன்பின் ஒரு நாழிகையும் பொறுத்தல் ஆகாது. தோட்டத்து வாய்க்கால் அடைபட்டால் தேங்கிய நீர் நாறுவதை நாம் அறிவோம். அவ்வாறே அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமிகள் பெருகுமாயின், தேங்கிய நீரின் அழுத்தம் அவற்றை இரத்தத்தினுள் தள்ளிவிடுகிறது. சில மணித்தியாலங்களில் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் போகவுங்கூடும். கிருமிகொல்லி மருந்து அவசியமே. எனினும் அடைப்பு நீங்காவிடின் அது மட்டும் போதாது. தேங்கிய சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அதற்காக வைத்தியர்கள் சிறுநீர்ப்பை வழியாக மெல்லிய குழாயொன்றை உட்செலுத்துவர். அல்லது முதுகுப்புறமாக நேரே சிறுநீரகத்தினுள் குழாய் வைப்பர். கல்லைப் பின்னர் ஆறுதலாக அகற்றலாம். இச்சிகிச்சையை எந்த வீட்டிலும் செய்தல் இயலாது.

இங்கே இரு எச்சரிக்கைகள். பரசிற்றமோல் குளிகை காய்ச்சலைத் தணித்துக் காட்டலாம். ஆனால் உள்ளிருக்கும் தொற்றை அது தீர்ப்பதில்லை. மேலும், முதியோருக்கும் நீரிழிவு உடையோருக்கும் தொற்று முற்றியபோதும் காய்ச்சல் தோன்றாதிருக்கலாம். மூச்சு விரைதல், கைகால் குளிர்தல், பேச்சுத் தடுமாறுதல், காரணமின்றி அயர்ந்து உறங்குதல் ஆகியனவே அவர்களிடம் காணப்படும். "எனக்கு ஒன்றுமில்லைப் பிள்ளை, விடியட்டும்" என்று வயோதிபத் தாய் கூறுவார். பிள்ளைகளை அலைக்கழிக்கக்கூடாதே என்னும் அன்பினால் அவ்வாறு கூறுவாரேயன்றி, தம் உடல்நிலையை அறிந்து கூறுவாரல்லர். அவர் சொல்லை நம்பிக் காத்திராதீர்கள்.

இரண்டாவது அடையாளம், சலம் அற்றுப்போதல். இரு சிறுநீரகங்களும் நன்றாக உள்ளவருக்கு ஒன்று அடைபட்டாலும் மற்றது வேலை செய்யும். ஆனால் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம் உடையவர், சத்திரசிகிச்சையால் ஒன்றை இழந்தவர், உறவினருக்கு ஒன்றைத் தானம் செய்தவர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் ஆகியோருக்கு அவ்வாறு துணை நிற்க இன்னொன்று இல்லை. அவர்கள் காய்ச்சலையோ வாந்தியையோ எதிர்பார்த்திராமல், நோவு தொடங்கியவுடனேயே புறப்படுதல் வேண்டும். நம் வட மத்திய மாகாணத்தில் நெடுங்காலச் சிறுநீரக நோயால் வருந்துவோர் பலர். அவர்களுக்கும் இவ்விதியே பொருந்தும். சலம் முட்டிக்கொண்டு நின்றும் வெளியேற மறுத்தால், அதுவும் அவசரமே.

மூன்றாவது, வைத்தியர் தந்த மருந்துக்கும் அடங்காத நோவும், ஒரு மிடறு நீரையும் தங்கவிடாத வாந்தியும். நான்காவது, நோயாளி கர்ப்பிணியாயினும் சிறு குழந்தையாயினும் வீட்டில் வைத்துப் பார்த்தல் கூடாது.

ஐந்தாவதாக ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கல் என்று நாம் நினைப்பது கல்தானா? அறுபது வயதை அண்மித்த அல்லது கடந்த ஒருவருக்கு வாழ்நாளில் முதன்முறையாக இத்தகைய நோவு தோன்றி, மயக்கமும் வியர்வையும் கூடினால், வயிற்றினூடே செல்லும் பெருநாடி வீங்கி வெடித்திருக்கலாம். மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் நோவு கண்டால், கருப்பைக்கு வெளியே கருத்தரித்திருக்கலாம். வலப்பக்க அடிவயிற்று நோவு குடல்வால் அழற்சியாகலாம். கல்லுடையவர் புரண்டு துடிப்பார், குடல்வால் நோயாளியோ அசைய அஞ்சிக் கிடப்பார். சிறுவருக்கும் இளைஞருக்கும் விதை முறுகினாலும் நோவு வயிற்றில் தோன்றலாம். அதனை ஏறக்குறைய 6 மணித்தியாலங்களுள் சரிசெய்யாவிடின் அவ்வுறுப்பையே இழக்க நேரிடும். கூச்சத்தினால் பிள்ளைகள் இதனை மறைப்பர். பெற்றோரே இதமாகக் கேட்டறிய வேண்டும்.

இனி, செய்யவேண்டியவை. நெருஞ்சில் குடிநீரும் வாழைத்தண்டுச் சாறும் நம் வீடுகளில் வழிவழியாகப் பயன்பட்டு வருவன. அவற்றைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் மேற்கூறிய அடையாளங்களுள் ஒன்றேனும் தோன்றியபின் அடுப்பு மூட்டிக் கொண்டிருக்க நேரமில்லை. நோவின்போது செம்பு செம்பாக நீர் பருகினால் கல் தள்ளுண்டு போகும் என்பதும் சரியன்று, வாந்திதான் மிகும். அயலவர் தரும் நோவு மாத்திரைகளையும் எண்ணிப் பாராமல் விழுங்காதீர்கள். டைக்குளோபெனாக் போன்றவை சிறுநீரகம் பழுதுற்றவருக்கும் வயிற்றுப்புண் உடையவருக்கும் கேடு செய்யும்.

வாகனம் இல்லையே என்று தயங்கவேண்டுவதில்லை. 2016ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கப்பெற்ற சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்திற்குத் தொலைபேசியில் அழைக்கலாம், அதற்குக் கட்டணமில்லை. கிளினிக் புத்தகத்தையும், முன்பு எடுத்த ஸ்கான் படங்களையும், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். கடைசியாகச் சலம் போன நேரத்தை நினைவில் வைத்திருந்து சொல்லுங்கள்.

நோவு நின்றுவிட்டது என்று மகிழ்ந்து கிளினிக்கிற்குச் செல்லாதிருப்பவருக்கும் ஒரு வார்த்தை. நோவு நின்றது கல் வெளியேறியதற்குச் சான்றாகாது. கல் அங்கேயே தங்கி, சத்தமின்றிச் சிறுநீரகத்தை வாரக்கணக்கில் பாழாக்குவதுமுண்டு. ஆகவே சலத்தைத் துணியில் வடித்துப் பாருங்கள். கல் அகப்பட்டால் அதனை எடுத்து வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். அகப்படாவிடின் அவர் குறித்த நாளில் தவறாது சென்று ஸ்கான் செய்துகொள்ளுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. கிணற்று நீரும் வன்னீரே. அந்நீரில் உள்ள சுண்ணத்தால் கல் வளருமென்று அஞ்சி நீரைக் குறைத்துப் பருகுவோர் உளர். அது நன்மையிலும் தீமையே செய்யும். நீர் குறைந்தால் சிறுநீர் செறிந்து கல் விளைய வழியாகிறது. ஒருமுறை கல் வந்தவர், நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லீற்றர் வரை சிறுநீர் கழியும் அளவுக்கு நீரருந்துதல் நன்று. இருதய நோயினாலோ சிறுநீரக நோயினாலோ நீரைக் குறைக்குமாறு வைத்தியர் பணித்தவர்கள் மட்டும் அவர் சொல்லையே கேட்டு நடக்க வேண்டும்.

நேயர்களே, நள்ளிரவில் இந்நோவு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். காய்ச்சலோ நடுக்கமோ உண்டா? சலம் போகிறதா? நோவும் வாந்தியும் மருந்துக்கு அடங்குகின்றனவா? நோயாளி முதியவரோ, நீரிழிவு உடையவரோ, கர்ப்பிணியோ, குழந்தையோ, ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவரோ? இவற்றுள் ஒன்றின் விடையேனும் உங்களை அச்சுறுத்துமாயின் விடியலை எதிர்பாராதீர்கள், உடனே புறப்படுங்கள். அங்கே சென்றபின், இது சாதாரணக் கல்லே என்று சொல்லி வைத்தியர் உங்களைத் திருப்பி அனுப்பினால், ஓர் இரவுத் தூக்கத்தைத் தவிர நீங்கள் இழந்தது வேறொன்றுமில்லை.