செலவை ஏற்றவர் யார்?



மருத்துவ ஆராய்ச்சியும் அதற்குப் பொருள் உதவுவோரும் என்பது பற்றி இன்று பேச விழைகிறேன். நான் மருத்துவன் அல்லன். விஞ்ஞானம் பயின்றவனும் அல்லன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுபவன். ஆயினும், என் தொழிலில் நான் இழைத்த சிறு பிழை ஒன்று இப்பொருளைப் பற்றிச் சிந்திக்க வைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன், உணவு பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை நண்பர்கள் நடத்தும் சிற்றிதழுக்காகத் தமிழாக்கினேன். ஒரு சத்துப் பானம் குழந்தைகளின் வளர்ச்சிக்கு உதவுவதாக ஆராய்ச்சி ஒன்று கண்டது என்பது அதன் சாரம். இறுதியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பக்கத்தில் இடமில்லை, வெறும் குறிப்புத்தானே என்று அதை விட்டுவிட்டேன். அவ்வாராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அப்பானத்தைத் தயாரிக்கும் நிறுவனமே என்று கூறிய வரி அது.

சில வாரங்கள் சென்றன. எங்கள் குடியிருப்பில் வாழும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் அதைப் படித்துவிட்டு, பால் வாங்குவதைக் குறைத்து, அப்பானத்தை வாங்கிவருவதாக நன்றியோடு கூறினார். நான் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. எனினும், அவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று அவரைச் சென்றடையாமல் செய்தவன் நான்.

இத்தகைய விடுபாடு உலகப் புகழ் பெற்ற மருத்துவ ஏட்டிலும் நேர்ந்ததுண்டு. 1960-களில் அமெரிக்காவில் ஒரு விவாதம் நடந்தது. இதய நோய்க்கு உணவிலுள்ள கொழுப்பு காரணமா, சர்க்கரைக்கும் அதில் பங்கு உண்டா என்பதே அது. 1967-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் ஏட்டில், ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர் மூவர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளை மதிப்பிட்டு, இரு பகுதிகளாகக் கட்டுரை எழுதினர். கொழுப்பின் மீதான குற்றம் அதில் வலியுறுத்தப்பட்டது; சர்க்கரைக்கு எதிரான சான்றுகள் எளிதாக ஒதுக்கப்பட்டன.

சர்க்கரைத் தொழிலினரின் ஆராய்ச்சி நிறுவனம் அம்மதிப்பீட்டுக்காக 6,500 டாலர் வழங்கியிருந்தது. நோக்கத்தை வகுத்ததும், சில கட்டுரைகளை அனுப்பிவைத்ததும், அச்சேறுமுன் கைப்படியைப் பார்வையிட்டதும் அந்நிறுவனமே. இவற்றுள் ஒன்றும் வாசகருக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, நூலகங்களில் உறங்கிய பழைய கடிதங்களை ஆராய்ந்த கலிபோர்னிய ஆய்வாளர்கள் 2016-இல் இதை வெளிப்படுத்தினர்.

அம்மூவரையும் வஞ்சகர் என்று தூற்றுதல் முறையன்று. இவ்வாறு தொழில் துறையிடம் பணம் பெறுவது அக்காலத்தில் வழக்கமே என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உளர். அந்த ஏடு பண உறவுகளை வெளியிட வேண்டும் என்று விதித்ததே 1984-இல்தான். மேலும், சிலவகைக் கொழுப்பைப் பற்றி அவர்கள் எச்சரித்தது தவறும் அன்று. தராசின் ஒரு தட்டை மட்டும் உற்றுநோக்கினார்கள் என்பதே குறை.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் பழமொழி. இல்லத்தில் அறமாக விளங்கும் அந்நன்றியுணர்வே ஆராய்ச்சிக் கூடத்தில் இடராக முடிகிறது. பணம் பெற்றவர் பொய் எழுத வேண்டியதில்லை. எக்கேள்வியைக் கேட்பது, புது மருந்தை எதனோடு ஒப்பிடுவது, எம்முடிவை வெளியிடாது வைப்பது என்னும் சிறு தேர்வுகளே போதும். தயாரிப்பாளரின் பொருளுதவியோடு நடந்த ஆய்வுகள் அவர்களுக்குச் சாதகமான முடிவுகளையே மிகுதியாகக் கூறுகின்றன என்று, 2017-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது.

அங்ஙனமாயின், நிறுவனங்களின் பணமே கூடாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. அவற்றின் முதலீடு இன்றேல், இன்று உயிர் காக்கும் மருந்துகள் பல நமக்குக் கிட்டியிரா. வேண்டுவன இரண்டு: பணம் எங்கிருந்து வந்தது என்பது வெளிப்படையாக இருத்தல் வேண்டும்; முடிவு எதுவாயினும் மறைக்கப்படாதிருத்தல் வேண்டும். நம் நாட்டில் மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேடு 2007-இல் தொடங்கப்பெற்றது. புதிய மருந்துகளைப் பற்றிய சோதனைகளை அதில் பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயமாயிற்று. சோதனையை நடத்துவோர் யார், பொருள் உதவுவோர் யார் என்பதை எவரும் அதில் காணலாம்.

பதிவேடு இருந்து பயனென்ன, கேட்பார் இல்லையெனில்? ஊரை விட்டு வந்து, உறவினரோ பழகிய மருத்துவரோ அருகில் இல்லாது, அச்சில் கண்டதையே நம்பி வாழும் நம் போன்றோர் இதில் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். 'ஆராய்ச்சி கண்டது' என்று படிக்கும்போது, 'செலவை ஏற்றவர் யார்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை கிட்டியதும் ஆராய்ச்சியைத் தள்ளிவிட வேண்டாம்; வேறு எவரேனும் அதையே கண்டனரா என்று பாருங்கள். ஆனால், மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை இவ்வையத்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவரிடமே கேளுங்கள்.

அப்பெண்மணியிடம் நான் விட்டுவிட்ட வரியை அன்றே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே, சார்" என்றார். அடுத்த இதழில் அவ்வரி அச்சாயிற்று. அன்று முதல், கட்டுரையின் கடைசி வரியையே நான் முதலில் மொழிபெயர்க்கிறேன்.