பேட்டரியைக் குறை சொல்லுமுன் விளக்கைப் பாருங்கள்

பீடோர் வட்டாரத் தோட்ட வீடுகளின் வாசலில் நிற்கும் பழைய புரோட்டோன் சாகாவை நினைத்துப் பாருங்கள். 1985ஆம் ஆண்டு மலேசியாவின் முதல் தேசியக் காராக வெளிவந்த வண்டி. விடியற்காலையில் அப்பாவைத் தாப்பா மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தத்தோடு சரி! பலர் அன்றே புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

முதலில் கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுங்கள். முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது அதன் முனைகளில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடி மின்சாரத்தைத் தடுக்கிறது. விளக்கு மங்காமல் ‘டக்’ என்று மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். சத்தமே இல்லையா? சாவி சுவிட்சையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும்.

பொடியை அகற்றச் சமையல் சோடா கலந்த வெந்நீர் போதும். கழற்றும்போது மைனஸ் முனை முதலில். மாட்டும்போது அதுவே கடைசியில். பக்கத்தில் சிகரெட் கூடவே கூடாது. பேட்டரியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றி வெடிக்கும். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் அசைத்துப் பாருங்கள். அது துருப்பிடித்திருந்தால் எந்த பேட்டரி போட்டும் பயனில்லை.

மீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் முழுமையாக இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறாவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம். பட்டறைக்குப் போனதும் ‘பேட்டரியை மாற்றுங்கள்’ என்று சொல்லாமல், மீட்டரில் பார்த்த எண்ணைச் சொல்லுங்கள்.