ஏன் டாக்டர்?



பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்க வேண்டியது பிள்ளைகளே என்று பேச வந்திருக்கிறேன். "பெத்த எங்களுக்குத் தெரியாதா, பிள்ளைக்கு எது நல்லதுன்னு?" என்று கேட்டுவிட்டு எதிரணி நண்பர் உட்கார்ந்துவிட்டார். பதில் சொல்ல உங்களையெல்லாம் அமெரிக்காவுக்குக் கூட்டிப் போகிறேன். விசா வேண்டாம், காதை மட்டும் கொடுங்கள். (சிரிப்பு)

நம்ம ஊரில் பிளஸ் டூ முடித்ததும் எம்.பி.பி.எஸ். சேரலாம். பயிற்சியோடு ஐந்தரை வருஷம். அங்கே அப்படி இல்லைங்க. முதலில் நாலு வருஷம் ஒரு பட்டப்படிப்பு. அப்புறம் எம்கேட் என்று ஒரு பரீட்சை. அப்புறம்தான் மெடிக்கல் காலேஜ், அது நாலு வருஷம். அதற்கும் மேலே ரெசிடென்சி, மூணு வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை. பத்திரிகையில் 'டாக்டர்' என்று அச்சடிப்பதற்குள் மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை விழுந்துவிடும். (சிரிப்பு)

இதிலே ஒரு தனி வாசல் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பட்டப்படிப்புக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம். மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் 1971-லேயே ஆறு வருஷப் படிப்பாகத் தொடங்கினார்கள். நியூயார்க் சிட்டி காலேஜில் 1973-ல் ஆரம்பித்தது ஏழு வருஷம். பிரவுன் பல்கலைக்கழகத்தில் எட்டு வருஷம். அங்கே சேர்ந்துவிட்டால் எம்கேட் எழுத வேண்டாம். முதல் நாலு வருஷம் சரித்திரம் படிக்கலாம், இலக்கியமும் படிக்கலாம். விண்ணப்பிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். இடமோ நூற்றுக்கும் குறைவு!

இதைக் கேட்டால் நம்ம ஆட்கள் சும்மா இருப்பாங்களா? என் அக்கா குடும்பம் நியூஜெர்சியில் இருக்கிறது. அத்தான் சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார். எந்தக் காலேஜ், எத்தனை வருஷம், எந்தத் தேதிக்குள் அனுப்பணும் என்று எட்டு வரிசை. முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார். விளக்கு ஏற்றினால் ரெண்டுக்கும் வெளிச்சம்! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் அந்த விண்ணப்பத்தில் மார்க் மட்டும் போதாது, நடுவர் அவர்களே. கட்டுரை எழுதணும். காலேஜுக்கு ஒன்று, டாக்டர் படிப்புக்கென்று தனியாக ஒன்று. அதன் சாரம் ஒரே கேள்விதான். இந்தச் சின்ன வயசிலேயே டாக்டராகணும் என்று உறுதியாகச் சொல்கிறாயே, ஏன்?

அத்தான் உட்கார்ந்து எழுதினார். மனித குலம், சேவை, தியாகம்... மேடைப் பேச்சு தோற்றுப் போகும். மகள் படித்துப் பார்த்தாள். "அப்பா, நல்லா இருக்கு. நீங்களே போய் சேந்துடுங்க" என்றாள். (பலத்த சிரிப்பு)

அப்புறம் அவளே எழுதினாள். என்ன எழுதினாள் தெரியுமா? அவளுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது எங்க அம்மா மதுரையிலிருந்து அங்கே போயிருந்தார்கள். திடீரென்று உடம்புக்கு முடியலை. டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். பாட்டி சொல்லச் சொல்ல இந்தப் பொண்ணு இங்கிலீஷில் சொல்லணும். அம்மா சொன்னது இதுதான்: "நெஞ்சு படபடங்குது, கண்ணு, ஒரு மாதிரியா வருது."

'ஒரு மாதிரியா வருது' என்பதை எந்தப் பாஷையில் பெயர்க்கிறது? குழந்தை திணறிவிட்டது. டாக்டர் நல்லவர்தான். ஆனால் நாலு கேள்வி கேட்டார், நாலுக்கும் அரைகுறைப் பதில்தான் போய்ச் சேர்ந்தது. "மருந்து அவருக்குத் தெரியும். பாட்டி என்ன சொன்னாங்கன்னு அவருக்குத் தெரியாமலே போச்சு. ரெண்டும் தெரிஞ்ச டாக்டரா நான் இருக்கணும்" என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள். படித்துவிட்டு அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கட்டுரையை எடுத்து மடித்துவைத்துவிட்டார்.

உடனே சீட் கிடைத்தது என்று சொன்னால் இது சினிமா. ஓரிடத்தில் மட்டும் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். "இங்கே கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். "நாலு வருஷம் படிச்சிட்டு, பெரிய வாசல் வழியா வருவேன்" என்றாள். எட்டு இடத்திலும் இல்லை என்றே பதில் வந்தது. அத்தான் ஒரு மாசம் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள், நடுவர் அவர்களே! சாதாரணக் காலேஜில் சேர்ந்தாள். இப்போது எம்கேட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். "சித்தி, சீட்டைத்தானே இல்லைன்னாங்க? பாட்டி சொன்னது இன்னும் என் காதுல இருக்கு" என்கிறாள். (கைதட்டல்)

யோசித்துப் பாருங்கள். அந்த ஆசை அப்பாவுடையதாக மட்டும் இருந்திருந்தால், எட்டாவது கடிதத்தோடு அதுவும் முடிந்திருக்கும். அல்லது சீட் கிடைத்து, எட்டு வருஷம் இன்னொருத்தர் கனவை அவள் சுமந்திருப்பாள். எது கொடுமை, நீங்களே சொல்லுங்கள்.

பெற்றோர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தேதியை ஞாபகப்படுத்துங்கள். பணம் கட்டுங்கள். ராத்திரி கண் விழித்துப் படித்தால் காபி போட்டுக் கொடுங்கள். கையைப் பிடித்து எழுதக் கற்றுக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். ஆனால் கையெழுத்தை அவர்கள் போடட்டும்.

வாழ்க்கை 'ஏன்?' என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவன் பிள்ளை. எனவே தீர்மானிக்க வேண்டியவர்களும் பிள்ளைகளே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)