பூட்டிய பக்கங்களும் பொதுச் சுகாதாரமும்
(கல்வி வட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2014ஆம் ஆண்டு லைபீரியா, கினி, சியரா லியோன் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளை எபோலா கொள்ளைநோய் சூறையாடத் தொடங்கியது. 11,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நோய் லைபீரியாவுக்குப் புதிது என்றே பலரும் கருதினர். ஆனால், லைபீரிய மக்களின் இரத்த மாதிரிகளைச் சோதித்த ஜெர்மன் ஆய்வாளர்கள், எபோலா நிலவும் பகுதிகளில் அந்நாட்டையும் சேர்க்க வேண்டும் என்று 1982லேயே ஓர் ஐரோப்பிய ஆய்விதழில் எழுதியிருந்தனர். 2015இல் லைபீரிய சுகாதார அதிகாரிகள் இதைச் சுட்டிக்காட்டியபோது, அக்கட்டுரையைத் தரவிறக்கக் கட்டணம் 45 டாலர். அங்கே அது ஒரு மருத்துவரின் அரை வாரச் சம்பளம். இரத்தம் அம்மக்களுடையது, அதிலிருந்து பிறந்த அறிவோ விலைச்சரக்கு!

2020 ஜனவரி 11 அன்று கொரோனா வைரசின் மரபணு வரிசையைச் சீன விஞ்ஞானிகள் இணையத்தில் அனைவருக்கும் பொதுவாக வெளியிட்டனர். சில நாட்களிலேயே பரிசோதனை முறை உருவாயிற்று. திறந்த அறிவின் ஆற்றல் இதுவே. பெரும் பதிப்பகங்களும் கொரோனா கட்டுரைகளைக் கட்டணமின்றித் திறந்தன. ஆனால் நெருக்கடிக் காலத்துக்கு மட்டும். இது சலுகையே தவிர உரிமையன்று. அடுத்த கொள்ளைநோயில் எந்தக் கட்டுரை உயிர்காக்கும் என்பதை இன்று யார் அறிவார்? நோய் வந்தபின் பூட்டைத் திறப்பதால் 1982இன் எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்காது.

பூட்டுப் போடுவது முதலாளிகள் மட்டுமல்ல. 2021 ஏப்ரலில், இரண்டாம் அலையின் உச்சத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலிடமுள்ள பரிசோதனைத் தரவுகளைத் தருமாறு நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் பிரதமரிடம் முறையிட நேர்ந்தது. மக்கள் வரிப்பணத்தில் திரட்டிய தரவுகள் அவை.

இன்று ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இதனால் பயனுண்டு, மறுக்கவில்லை. ஆனால் இது பூட்டை உடைக்கவில்லை. சாவிக்கு வாடகை கட்டுகிறது. ஆய்வுக்குச் செலவிடுவது பெரும்பாலும் மக்கள் பணம்; கட்டுரைகளை மதிப்பிடும் விஞ்ஞானிகளுக்குப் பொதுவாக ஊதியமில்லை; இலாபம் மட்டும் பதிப்பகத்துக்கு. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ இத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

எனவே நமது கோரிக்கை தெளிவானது: பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வும், நோய்த்தரவும், தனிமனிதர் அடையாளங்கள் நீக்கப்பட்டு, வெளியாகும் நாளிலேயே அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். நெருக்கடியின்போது மட்டுமல்ல, அதற்கு முன்பே. மருந்துக்கான போராட்டத்தோடு இதையும் இணைப்போம்.