மடிப்பு அவிழ்த்த கோடு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியர் இருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடை வடிவமைப்புப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தொகுப்புச் செய்தோம். அதை முதல்முதலாக மேடையில் காட்டிய அனுபவத்தைப் பேசும்படி சங்கம் கேட்டது. சேர்ந்து செய்த வேலை என்பதால் "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

"தையல் படிக்கவும் கம்பசோ?" என்று எங்கள் இரண்டு வீட்டிலும் கேட்டார்கள். உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை முழுவதும் அதுதான் பேச்சு. 2022இல் இந்த நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் 40 வீதத்துக்கும் மேல் ஆடையும் துணியும் கொண்டுவந்தவை. அந்தக் கணக்கைச் சொல்லி வீட்டாரை மாற்ற முடியவில்லை. அழுதுதான் மாற்றினோம். தங்கைமாருக்கு ஒரு தகவல்: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் இதற்கு இளமாணிப் பட்டம் இருக்கிறது. உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும்.

கடைசி ஆண்டில் கருப்பொருள் தெரியும் நேரம் வந்தது. வகுப்பில் மற்றவர்கள் பவளப் பாறை, சிகிரியா ஓவியம், பேராதனைப் பூந்தோட்டம் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் எங்கள் வெள்ளைச் சட்டையை எழுதிக் கொடுத்தோம். அதிலும் ஒரே ஒரு இடத்தை: சட்டையின் கீழ்மடிப்பை.

இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆண்டு ஆறில் தைக்கும்போதே நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு தை மாதமும் கொஞ்சம் அவிழ்த்து விடுவார்கள். வெளியே இருந்த துணி வெயிலும் சவர்க்காரமும் பட்டு, நீலம் ஏறி, ஒரு நிறமாகி இருக்கும். உள்ளே மடிந்திருந்த பகுதி புதுத்துணி மாதிரிப் பளிச்சென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பழைய மடிப்பின் கோடு. எத்தனை தரம் கஞ்சி போட்டுச் சிரட்டைக் கரிப் பெட்டியால் தேய்த்தாலும் அது போகாது. 1990களில் இங்கே படித்த அக்காமாரிடம் தொலைபேசியில் கேட்டோம். ஒரே சட்டையில் மூன்று கோடு இருந்தது என்றார் ஒருவர். இடம்பெயர்ந்து போன ஊரிலும் அதே சட்டையோடுதான் பள்ளிக்கூடம் போனாராம். ரொறன்ரோவிலிருந்து இன்னொரு அக்கா தன் சீருடையையே அனுப்பிவைத்தார். கழுத்துப் பட்டியும் இடுப்புப் பட்டியும் கூட இருந்தன. அந்தப் பொதியைப் பிரித்தபோது நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தக் கோட்டைப் புதுத்துணியில் வரச்செய்வதுதான் வேலை. சாயத்தால் கீறிப் பார்த்தோம், பொய்யாக இருந்தது. ஆகவே உண்மையாகவே செய்தோம். மடிப்புகளைத் தைத்து, சட்டைகளை நீலம் போட்டுத் தோய்த்து, வெயிலில் காயவைத்து, மறுபடி தோய்த்து, மூன்று மாதத்துக்குப் பிறகு அவிழ்த்தோம். விடுதியில் எங்களைச் சலவைக்காரிகள் என்றே கூப்பிட்டார்கள்.

அது 2022ஆம் ஆண்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கம்பஸ் மெஷின்கள் எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. புறக்கோட்டையில் பொப்ளின் துணிக்குக் கிழமைக்கு ஒரு விலை, சிப் கிடைத்தால் நிறம் பொருந்தாது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவின் மிதி மெஷின் வெள்ளவத்தையில் மாமி வீட்டில் கிடந்தது. அம்மம்மா மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் அதில் தைத்து நாலு பிள்ளைகளைப் படிப்பித்தவர். பன்னிரண்டு உடைகளில் ஏழு அந்த மெஷினில்தான் தைக்கப்பட்டன. சிப் இல்லாத இடத்தில் தெறி வைத்தோம், அதுவே நன்றாகவும் இருந்தது.

மேடைக்கு ஆறு கிழமைக்கு முன் மதிப்பீட்டுக் குழுவிடம் காட்ட வேண்டும். அவர்கள் துணியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கறைக் கோடுகள் எப்போது போகும்?" என்று கேட்டார்கள். போகாது, அதுதான் வடிவமைப்பு என்றோம். நிறைவு போதாது என்று புள்ளி குறையலாம், ஒன்றிரண்டு உடையில் மட்டும் கோட்டை விட்டுவிட்டு மற்றவற்றைச் சுத்தமாகத் தையுங்கள் என்று ஆலோசனை சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். வேலை தேடப்போகும் நேரத்தில் புள்ளி பெரிய விடயம். வீட்டில் நகை அடைவில் இருந்தது. அன்றிரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் இருவரும் சண்டை பிடித்தோம். ஒருத்தி மாற்றுவோம் என்றாள், மற்றவள் மாட்டேன் என்றாள். யார் எதைச் சொன்னது என்று இங்கே சொல்லப் போவதில்லை. விடிந்தபோது பன்னிரண்டிலும் கோடு இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது.

மேடைக்குப் பின்பக்கத்தை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. உடை வரிசை இலக்கத்தோடு சுவரில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மொடலுக்கும் உடுத்திவிட ஒருவர். சப்பாத்து இரவல் என்பதால் அடியில் கீறல் விழாமல் ரேப் ஒட்டவேண்டும். நீராவி அயன் ஒன்றுக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். ஒரு மொடல் அளவெடுத்த நாளைவிட மெலிந்து வந்திருந்தார், முதுகில் ஊசியால் பிடித்து உடம்போடு வைத்தே தைத்தோம். திரும்பி வந்ததும் வெட்டித்தான் கழற்றவேண்டும். அந்த நேரத்தில் பிழையில்லாமல் கை ஓடியதற்கு ஆண்டு எட்டின் தையல் பாடத்துக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். ரீச்சர், நீங்கள் பிரித்துப் பிரித்துத் தைக்கச் சொன்ன அந்த ஓட்டுத் தையல்தான்.

கடைசி உடை எங்கள் பெரிய பந்தயம். அதில் மூன்று மடிப்பு, மூன்றும் ஒற்றை நூல் சங்கிலித் தையல். மா மூட்டையின் வாய் நூலைச் சரியான முனையில் பிடித்து இழுத்தால் முழுவதும் கழன்று வருமே, அதே தையல். மொடல் மேடை நுனியில் நின்று நூலை இழுக்க, சட்டை எல்லோர் முன்னாலும் நீளவேண்டும். ஒத்திகையில் மூன்றும் கழன்றன. அன்றைக்கு முதல் மடிப்பு விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது பாதியில் இறுகிவிட்டது. அந்தப் பிள்ளை பதறாமல், ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் தூக்கியபடியே திரும்பி நடந்தார். திரைக்குப் பின்னால் நாங்கள் ஒருத்தியின் கையை ஒருத்தி நெரித்துக்கொண்டு நின்றோம். பன்னிரண்டு உடையும் போய் வர ஆறு நிமிடம் கூட ஆகவில்லை.

எங்கள் அம்மாமார் இரவு பஸ்ஸில் வந்து மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். இப்படி ஒரு நிகழ்ச்சியை அவர்கள் முன்பு பார்த்ததில்லை. முதல் உடை வெளியே வந்ததும் ஒருவர் மற்றவரிடம் சொன்னாராம், "உது நான் இவளுக்கு ஆண்டு ஏழிலை அவிழ்த்துவிட்ட மடிப்பெல்லே!" பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவருக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் அவரும் தன் சேலைக் கரையைப் பிடித்து மடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்.

புள்ளி கொஞ்சம் குறைந்துதான் வந்தது. பட்டம் கிடைத்தது, நகையும் பிறகு மீண்டது. இன்று ஒருத்தி ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் மாதிரி உடைப் பிரிவில் இருக்கிறாள். மற்றவள் மருதமுனைக் கைத்தறித் துணியில் சிறுவர் உடுப்புத் தைத்து விற்கிறாள், எல்லாவற்றிலும் நாலு விரல் மடிப்பு உள்ளே இருக்கும். வாங்கும் தாய்மார் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ரொறன்ரோ அக்காவின் சீருடையை அவர் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். அது இன்று மண்டப வாசலில் எங்கள் உடைகள் மூன்றோடு தொங்குகிறது. கிட்டப் போய்த் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும்: தேநீரும் வடையும் அதற்குப் பிறகு.