கண் ஏமாறும், சோதனை காட்டும்



2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் கள்ளச்சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அதில் கலந்திருந்த மெத்தனால் நீரைப் போலவே நிறமற்றது. உடலினுள் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வையையும் உயிரையும் பறிப்பது.

ஒன்றுபோல் தோன்றுவன எல்லாம் ஒன்றல்ல என்பதை வளரும் பிள்ளைகள் கையால் செய்தே உணர வேண்டும். இரு குவளைகளில் நல்ல நீரும் கெட்டியான உப்புநீரும் வைப்போம். சுவைக்க விடலாகாது. மாணவர் ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல முட்டையை இடட்டும். நல்ல நீரில் அது மூழ்கும், உப்புநீரில் மிதக்கும். காரணத்தை அவர்களே ஆராய்ந்து சொல்லட்டும். முட்டை மெத்தனாலைக் காட்டித் தராது. கண்ணை மட்டும் நம்பலாகாது என்பதைக் காட்டித் தரும்.

2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு இத்தகைய சோதனைகளைக் கொணர்ந்தது. "இம்மாதம் பிள்ளைகள் தம் கையால் செய்த சோதனைகள் எத்தனை?" என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் நாம் தவறாது கேட்போமாக!